மூன்றாவது கட்டம்

ராணுவத்துக்குப் பாராசூட் தைக்கும் தொழிற்சாலை அது. திட்டப் பிரிவுத் தலைவி பெனிட்டாவுக்கு முப்பத்தைந்து வயது. அவரிடம் வேலை கற்க மாற்றலாகி வந்த தணிகைவேலுக்கு ஐம்பத்தெட்டு. குரு இளையவர், சீடர் மூத்தவர். அதில் இருவருக்கும் வருத்தமில்லை.

மார்ச் முப்பத்தொன்று காலை, தணிகைவேல் தலைமையகத்துப் படிவத்தோடு வந்தார்.

"ரெண்டே கட்டம்தான் இருக்கு மேடம். முடிந்த வேலை, மிச்சப் பணம். நம்ம அறுபது பாராசூட்டை எதுல போடறது?"

அறுபதுக்கும் துணி தைத்தாகிவிட்டது. கயிறுதான் இல்லை. வந்த கயிறு இழுவைச் சோதனையில் அறுந்ததால் பெனிட்டா வேண்டாம் என்று ஒதுக்கியிருந்தார். நல்ல கயிறு ஏப்ரலில்தான் வரும்.

"மிச்சம்னு போட்டா சாயங்காலமே பணத்தை எடுத்துக்குவாங்க. ஏப்ரல்ல கயிறு வாங்க முடியாது. ஒதுக்கின கயித்தையே கட்டி, முடிஞ்சதுன்னு போடச் சொல்லி மேலிடத்திலிருந்து போன் வந்துச்சு," என்றார் தணிகைவேல்.

பெனிட்டா அவரைத் தையல் கூடத்துக்கு அழைத்துப் போனார். பாராசூட் மடித்து வைத்திருந்த ஒரு பையை எடுத்துக் கொடுத்தார். அதன் ஓரத்தில் சின்ன வெள்ளைத் துணி, வெறுமையாக இருந்தது. பாராசூட்டை முடித்துக் கொடுப்பவரின் பெயரை அதில் நூலால் தைப்பது அங்கே வழக்கம்.

"இது முடிஞ்சுதா சார்?"

"இல்லை."

"மிச்சமா?"

"எப்படி மிச்சமாகும்? இதை நம்பிக் குதிக்க ஆள் இருக்கே."

"அப்போ அதை எழுதுங்க."

"அதுக்குக் கட்டம் இல்லையே மேடம்."

பெனிட்டா படிவத்தில் ஸ்கேலை வைத்து ஒரு கோடு இழுத்தார். மூன்றாவது கட்டம் வந்தது. அதில் 'பாக்கி வேலை – அறுபது' என்று எழுதிக் கையெழுத்திட்டார். தணிகைவேல் அந்தக் கட்டத்தை இன்னொரு முறை படித்தார். ஓய்வுக்கு இன்னும் இரண்டு வருடம் இருந்தது. இருந்தாலும் பேனாவை வாங்கிக் கீழே தன் கையெழுத்தையும் போட்டார். படிவம் ஃபேக்ஸில் போனது.

பத்து நிமிடத்தில் போன் அடித்தது. தணிகைவேல் எடுத்தார். ரிசீவரைக் கையால் மூடிக்கொண்டார்.

"கோட்டை அழிச்சிட்டு முடிஞ்சதுன்னு போடணுமாம். இது உத்தரவாம். என்ன சொல்ல மேடம்?"

பெனிட்டா ஊசியில் நூல் கோத்தார்.

"அவர் பேரை இனிஷியலோட சொல்லச் சொல்லுங்க சார். அறுபதுலயும் தைக்கணும்."