தலைக்கு மேலே வெறும் சுவர்

வீரபாகுவுக்கு வயது நாற்பதைத் தாண்டிவிட்டது. அவருக்குப் பாடம் சொல்லும் ஃபௌசியா மேடத்துக்கு முப்பதுதான் ஆகிறது. அதைப் பற்றி வகுப்பில் யாரும் வாய் திறந்ததில்லை. வீரபாகுவின் மீசை அப்படி.

இதய ஐசியுவில் ஆண்டுக்கணக்காக நர்ஸாக இருந்துவிட்டு, நர்ஸ் பிராக்டிஷனர் படிக்க வந்தவர் அவர். படித்து முடித்தால் நோயாளியைத் தானே பரிசோதித்து சிகிச்சையைத் தொடங்கலாம். முதல் வருடம் எல்லோருக்கும் ஒரே பாடம். இரண்டாம் வருடம் இதயப் பிரிவு, பொதுப் பிரிவு என்று இரண்டாகப் பிரிந்துவிடும். எது என்று அன்று மாலைக்குள் சொல்லியாக வேண்டும். சொன்னால் சொன்னதுதான், பிறகு மாற்ற முடியாது.

“இதயம் எனக்குக் கைவந்த வேலை மேடம்,” என்றார் வீரபாகு. “ஆனா அதை மட்டுமே பாத்துக் காலத்த ஓட்டிருவனோன்னு பயமா இருக்கு. பொதுவுக்குப் போனா, எல்லாத்தையும் தொட்டு ஒண்ணுமே உருப்படியாத் தெரியாமப் போயிருமோன்னு அதுவும் பயம். எதை எடுக்கட்டும்?”

“ஓபிக்கு வாங்க பிரதர்.”

வெளிநோயாளி அறையில் ஒரு மேஜை, ஒரு நாற்காலி, நோயாளிக்கு ஒரு ஸ்டூல். பொதுப் பிரிவில் படித்துவிட்டு வந்த ஃபௌசியா ஓரமாக நின்றுகொண்டார்.

“நீங்க பாருங்க.”

முதலில் வந்தவர் சுடலைமணி, ஜவுளிக்கடை வாட்ச்மேன். சீருடையும் பளபளக்கும் கறுப்பு ஷூவுமாக வேலையிலிருந்து நேரே வந்திருந்தார்.

“நெஞ்சு படபடன்னு வருது சார். அசதியாவும் இருக்கு. சுகர் வேற.”

வீரபாகுவின் கண் அவர் தலைக்கு மேலே போனது. ஐசியுவில் அந்த இடத்தில்தான் மானிட்டர் இருக்கும். நோயாளி லேசாக இருமினால்கூட கண் முதலில் அங்கே ஓடும், பிறகுதான் ஆளிடம் வரும். இங்கே சுண்ணாம்பு அடித்த வெறும் சுவர்தான் இருந்தது.

சுடலைமணியும் கழுத்தைத் திருப்பிப் பார்த்தார்.

“அங்க என்ன சார் இருக்கு?”

“ஒண்ணுமில்ல. கையக் குடுங்க.” வீரபாகுவுக்கு முகம் சுண்டிப்போனது.

நாடியில் விரல் வைத்ததும் ஆள் மாறிவிட்டார். கண்ணை மூடிக்கொண்டு வெகுநேரம் விரலை எடுக்கவில்லை.

“மேடம், துடிப்பு ஒழுங்கா இல்ல. வேகமாப் போகுது, நடுவுல நடுவுல தடுமாறுது. உடனே இசிஜி எடுக்கணும்.”

ஃபௌசியா வந்து தானும் பிடித்துப் பார்த்தார்.

“சரிதான். போன வாரமும் இவரு எங்கிட்ட வந்தாரு. இதே படபடப்பு. நாடி பிடிச்சேன். பதட்டம்னு நெனச்சு அனுப்பிட்டேன்.”

வீரபாகுவுக்கு உள்ளம் குளிர்ந்துவிட்டது. கேட்ட கேள்விக்கு இதைவிட என்ன பதில் வேண்டும்? இதயம்தான். மாலை வரைகூடக் காத்திருக்க வேண்டாம்.

“இசிஜிக்கு அனுப்பிரட்டுமா மேடம்?”

“இருங்க.” ஃபௌசியா சுடலைமணியிடம் குனிந்தார். “அண்ணாச்சி, அந்த வலது கால் ஷூவக் கழட்டுங்க.”

“கால்ல ஒண்ணுமில்லம்மா.”

“கழட்டுங்க.”

ஃபௌசியா ஷூவை வாங்கிக் கவிழ்த்தார். ஒரு சின்ன ஜல்லிக்கல் விழுந்து உருண்டது. சாக்ஸின் அடிப்பக்கம் ஈரமாக இருந்தது. அதை உரித்தபோது, கட்டைவிரலுக்குக் கீழே குழிவிழுந்த புண். சீழ் வைத்திருந்தது.

“வலிக்கலியா அண்ணாச்சி?” வீரபாகுவின் குரல் இறங்கிவிட்டது.

“வலிச்சா சொல்லமாட்டனா சார்?” சுகரில் மரத்துப்போயிருந்த தன் காலையே சுடலைமணி முதல் தடவை பார்ப்பதுபோல் பார்த்தார்.

வீரபாகு தரையில் உட்கார்ந்து புண்ணைக் கழுவிக் கட்டுப் போட்டார். சக்கர நாற்காலியில் சுடலைமணி இசிஜிக்குப் போன பிறகுதான் எழுந்தார்.

“உங்களுக்கு எப்படித் தெரிஞ்சுது மேடம்?”

“வாசல்ல வரும்போதே அந்தக் கால இழுத்துத்தான் வச்சாரு. நீங்க எதிர்லதான் இருந்தீங்க.”

வீரபாகு வாசலைத் திரும்பிப் பார்த்தார். பிறகு மெதுவாகக் கேட்டார்.

“நீங்க நாடிய விட்டீங்க. நான் கால விட்டேன். அப்ப எதைத்தான் எடுக்கட்டும்?”

“எதை எடுத்தாலும் ஒண்ண விடத்தான் செய்வீங்க பிரதர். எதை விட்டா உங்களுக்குத் தூக்கம் வராதோ, அதை எடுங்க.”

வீரபாகு குனிந்து அந்த ஜல்லிக்கல்லை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.