மடியில் இருந்த பை

"இந்தப் பொண்ணுக்கு மூக்கே இல்லையே, டீச்சர்" என்றார் எபனேசர்.

டீச்சர் அஃப்ரின் அவரைவிட வயதில் ரொம்பச் சின்னவள். பாளையங்கோட்டையில் ஒரு ஜெராக்ஸ் கடையின் மாடியில் சனிக்கிழமைதோறும் மங்கா வரையக் கற்றுக்கொடுத்தாள். மங்கா என்றால் ஜப்பான்காரர்களின் படக்கதை. அவள் படிக்கக் கொடுத்த காதல் கதையை எபனேசர் ஸ்கேல் வைத்து அளந்துகொண்டு வந்திருந்தார்.

கண் வாயைவிடப் பெரிது, கால் மூங்கில் கழி, காதலன் வந்து நிற்கிற முக்கியமான பக்கத்தில் ஆளையே காணோம், பக்கம் முழுக்க நனைந்த குடை ஒன்றுதான் என்று குற்றப்பத்திரிகை வாசித்தார்.

வாசிக்க அவருக்கு உரிமை உண்டு. அந்த வட்டாரத்தில் யார் வீட்டுச் சுவரில் மாலையோடு தாத்தா படம் தொங்கினாலும் அது அவர் வரைந்ததாகத்தான் இருக்கும். ஒரு மருவைக்கூட விடமாட்டார்.

ஆனால் மனைவி லில்லி புஷ்பத்தை எத்தனையோ முறை வரைந்துவிட்டார். ஒவ்வொரு முறையும் "நல்லாருக்கு" என்று சொல்லிவிட்டு அவள் அடுப்பைப் பார்க்கப் போய்விடுவாள். ஒரே ஒரு படத்தையாவது அவள் திரும்பி நின்று பார்க்க வேண்டும். அதற்காகத்தான் மனிதர் இந்த வயதில் மாடியேறினார்.

"அந்தக் குடைப் பக்கத்துல எவ்வளவு நேரம் நின்னீய, அண்ணாச்சி?"

எபனேசர் தலையைச் சொறிந்தார். "கொஞ்ச நேரம் ஆச்சு."

அஃப்ரின் ஒரு தாளை நீட்டி, லில்லி அக்காவை முதன்முதலில் பார்த்ததை வரையச் சொன்னாள்.

அவர் உற்சாகமாக முகத்துக்குக் கோடு போட்டார். அவள் அழித்தாள். மறுபடி போட்டார். மறுபடி அழித்தாள்.

"அன்னைக்கு என்ன பாத்தீய?"

டவுன் பஸ்ஸில் நெரிசல். உட்கார்ந்திருந்த அவரிடம், நின்றுகொண்டிருந்த ஒருத்தி பையைக் கொடுத்து வைத்துக்கொள்ளச் சொன்னாள். நிமிர்ந்து பார்க்க அவருக்கு வெட்கம். அவளோ பையை மறந்து இறங்கிவிட்டாள். இவர் அதைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே ஓடினார். அந்த மறதியைச் சொல்லி இன்றுவரை வீட்டில் லில்லியைக் கேலி செய்வார்.

"மொகத்தையே பாக்கல, டீச்சர். வழியெல்லாம் பையத்தான் பாத்தேன்."

அஃப்ரின் ஸ்கேலை எடுத்து டிராயரில் போட்டுப் பூட்டினாள்.

அன்று சாயங்காலம் எபனேசர் வீட்டில் உட்கார்ந்து வரைந்தார். தாள் முழுக்கப் பை. ஜிப் அறுந்த இடத்தில் குத்தியிருந்த ஊக்கு. கீழே எலுமிச்சங்காய் மாதிரி இரண்டு முழங்கால்கள். ஒரு மூலையில் பஸ்ஸும் கண்டக்டரும் கூட்டமும் கடுகளவு. முகம் எங்கேயும் இல்லை. வரைய வரைய அவருக்குச் சிரிப்பு வந்தது, சந்தோஷமாக இருந்தது.

லில்லி புஷ்பம் கரண்டியோடு வந்து எட்டிப் பார்த்தாள்.

"நல்லாருக்கு" என்று சொல்லவில்லை. கரண்டியைக் கீழே வைத்தாள். தாளை வாங்கிக்கொண்டு தரையில் உட்கார்ந்தாள். அடுப்பில் குழம்பு பொங்கியது. அவள் அந்த ஊக்கை விரலால் தொட்டுப் பார்த்தாள். முகமெல்லாம் சிரிப்பு.

"ஏங்க" என்றாள். "நான் மறந்துட்டு எறங்குனேன்னா இத்தன வருசமா நெனச்சிட்டு இருக்கீய?"