கடைமடை வயல்

நெல் விளையும் மண்ணில் வேல் நட்டுக் கிடந்த காலத்துக் கதை இது. கொட்டாவியை எல்லாம் இப்போதே விட்டுவிட்டு வந்து உட்காருங்கள்!

மருதநாட்டில் அண்ணனும் தம்பியும் அரியணைக்காகப் பன்னிரண்டு வருடம் அடித்துக்கொண்டார்கள். கிழக்கூரார் அண்ணன் பக்கம், மேற்கூரார் தம்பி பக்கம். தம்பி மாண்டான், அண்ணன் மாறவேள் அரசனானான். என்ன அரசன் போங்கள்! களஞ்சியம் காலி, சந்தை காலி, பெரிய ஏரியின் கரையோ உடைந்து கிடந்தது.

கரையை இரண்டு ஊராரும் கட்டினார்கள். மழை பெய்து ஏரி நிறைந்தது. அங்கேதான் வந்தது வினை. மதகைத் திறந்து தண்ணீர் பங்கிடுவது யார்? கிழக்கூரான் என்றால் மேற்கூரார் அரிவாளைத் தூக்கினார்கள். மேற்கூரான் என்றால் கிழக்கூரார் தூக்கினார்கள். நாற்றெல்லாம் மஞ்சள் பூத்தது. இந்தப் போக விளைச்சலும் போனால் மறுபடி போர்தான் என்று மாறவேள் அஞ்சினான்.

கரையிலேயே சபை கூட்டிக் கேட்டான்: "மதகை யார் காப்பீர்கள்? எப்படிக் காப்பீர்கள்?"

"வேலோடு நிற்பேன்" என்றான் சேனாதிபதி. இரண்டு ஊராரும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள்.

"சத்தியம் செய்கிறேன்" என்றார் பூசாரி. போரில் எத்தனை சத்தியம் பார்த்தவர்கள் அவர்கள்!

மூன்றாவதாக வந்தான் வேம்பன். மேற்கூரான். மாறவேளை எதிர்த்துப் போரிட்டவன். மதகை ஒட்டி அருமையான வயல் அவனுக்கு.

"அரசே, என் வயலை எடுத்துக்கொண்டு, வாய்க்கால் போய் முடியும் கடைமடையில் ஒன்று கொடுங்கள். எல்லாரும் போதும் என்ற பிறகுதான் அங்கே தண்ணீர் விடுவேன். எனக்கு வேண்டியவனுக்கு அதிகம் விட்டால் காயப்போவது என் நாற்றுதானே?"

"ஐயோ, பிள்ளைகள் சோற்றுக்கு என்ன செய்யும்?" என்று மாரில் அடித்துக்கொண்டாள் அவன் மனைவி கோதை.

ஆனால் இரண்டு ஊராரும் சரியென்றார்கள், மாறவேளும் வயலை மாற்றிக் கொடுத்தான். வேம்பன் மூச்சடக்கி மூழ்கி மதகுக் கல்லைத் தூக்கினான். ஒரு நாள் ஓடியது, இரண்டு நாள் ஓடியது. மூன்றாம் நாள் ஏரி மட்டம் இறங்கி வாய்க்கால் நூலாக இளைத்தது. கடைமடை வெடித்துக் கிடக்க, வரப்பில் கோதை அழுதுகொண்டிருந்தாள். மாறவேளுக்கு அவளைப் பார்க்கத் துணிவில்லை.

அப்போது கிழக்கூர்க் கிழவர் ஒருவர், "எனக்குப் போதும்ப்பா!" என்று கூவித் தன் வயலுக்குத் தண்ணீர் பாயும் வாய்மடையைச் சேற்றால் அடைத்தார். அவர் வயல் இன்னும் பாதிதான் நனைந்திருந்தது. அடுத்தவன் அடைத்தான். அதற்கடுத்தவன் அடைத்தான். கிழக்கூரார், மேற்கூரார், எல்லாரும்!

தண்ணீர் சலசலவென்று வந்து கோதையின் பாதத்தை நனைத்தது. அம்மாடி, அதைக் கண்ட மாறவேளுக்கு மெய் சிலிர்த்தது. பன்னிரண்டு வருடப் போரில் வென்றும் ஒன்றாக்க முடியாத நாட்டை, ஒருவன் தன் வயலைக் கொடுத்து ஒன்றாக்கிவிட்டானே!

கிரீடத்தைக் கழற்றி வரப்பில் வைத்தான். "இனி ஊரெல்லாம் உண்ட பிறகுதான் அரண்மனைக் களஞ்சியத்துக்கு நெல்" என்று ஆணையிட்டான்.

பங்கிடும் கை தன் பங்கைக் கடைசியில் வைத்தால்தான், உடைந்த நாட்டில் மனிதர்கள் மறுபடியும் ஒருவரை ஒருவர் நம்புவார்கள்.