உள்ளே ஒளிந்த கொழுப்பு

அந்தக் காலத்தில், உயிர்களெல்லாம் ஒரே பேச்சைப் பேசிக்கொண்டிருந்தபோது, உடம்பிலிருந்த கொழுப்பும் பேசும். பார்த்ததும் தெரிகிற இடத்தில்தான் அது குடியிருந்தது. காளைக்குத் திமிலில், உடும்புக்கு வாலில், பன்றிக்கு முதுகுத்தோலின் அடியில். மனிதர்களில் ஆணுக்கும் பெண்ணுக்கும் இடுப்பிலும் தொடையிலும். மழை பொய்த்த வருஷத்தில் இல்லாதவர் இருப்பவர் முன்னால் போய் நிற்பார். வாய்விட்டுக் கேட்க வேண்டியதில்லை. இருப்பவர் தன் இடுப்பில் உள்ளங்கையை அழுத்தி எடுத்து, வந்தவர் தோலில் தடவிவிடுவார். அது அங்கே ஒட்டிக்கொள்ளும்.

கரட்டுக் குன்றுக்குக் கீழே கொம்பையா என்பவன் தன் மனைவி சிலம்பாயியோடு இருந்தான். அவள் பிள்ளை பெற்றிருந்த சமயம் பெரும் பஞ்சம் வந்தது. அந்த வட்டாரத்திலேயே பருத்த தொடை கொம்பையாவுடையது. அதனால் எல்லோரும் முதலில் அவனிடம்தான் வந்தார்கள். முயல் வந்தது, கீரி வந்தது, குட்டிகளோடு நரி வந்தது. கொடுத்தான். கொடுக்கக் கொடுக்க அவனுக்குப் பயம் பிடித்தது. இப்படியே போனால் பால் கொடுக்கிறவளுக்கு என்ன மிஞ்சும்?

சிலம்பாயி கிழங்கு தோண்டப் போன நேரத்தில் அவன் தன் கொழுப்பிடம், வயிற்றுக்குள் போய் ஒளிந்துகொள்ளச் சொன்னான். கொழுப்பு தயங்கியது. அங்கே ஈரலும் குடலும் நெருக்கியடித்துக் கிடக்கின்றன, நான் போனால் அவற்றுக்கு மூச்சு முட்டும் என்றது.

"மழை வர்ற வரைக்கும்தானே?" என்றான் கொம்பையா.

"உள்ளே போயிட்டா உன் கைக்கு நான் எட்டமாட்டேன்பா. யோசிச்சுக்கோ."

அவன் யோசிக்கவில்லை. கொழுப்பு உள்ளே போயிற்று. கால்கள் குச்சியாயின.

மறுபடி வந்தவர்கள் அவன் காலைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார்கள். ஒரு தாய்ப்பன்றி மட்டும் நின்றது. "என்ன மாமா, தன் சாதின்னு நினைச்சுக் கொக்கு வந்து பொண்ணு கேட்கும்போல இருக்கே உங்க காலு" என்று சிரித்தது. பிறகு அதற்கே மனம் கேட்காமல், தன்னிடம் மிச்சமிருந்ததில் கொஞ்சம் எடுத்து அவன் தொடையில் தடவிவிட்டுப் போனது. அவன் வேண்டாம் என்று சொல்லவில்லை. அதுவும் வழி தெரிந்ததுபோல் உள்ளே இறங்கிவிட்டது.

சிலம்பாயியிடம் அவன் இதைச் சொல்லவில்லை. சொன்னால் நாலு பேரிடம் சொல்லிவிடுவாள் என்று நினைத்தான். அவளோ, புருஷனிடம் ஒன்றுமில்லை என்று நம்பி, வந்தவர்களுக்குத் தன் இடுப்பிலிருந்து கொடுத்தாள். மீதியெல்லாம் பாலாய் இறங்கிப் பிள்ளைக்குப் போனது. ஒருநாள் தண்ணீர்க் குடத்தைத் தூக்கப் போனவள் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

கொம்பையா ஓடிவந்து தன் இடுப்பை அழுத்தினான். தோல்தான் கையில் வந்தது. தொடையை அழுத்தினான். எலும்பு தட்டுப்பட்டது. வயிற்றைப் பிசைந்து, வெளியே வா என்று கெஞ்சினான்.

"நான்தான் சொன்னேனே" என்றது கொழுப்பு உள்ளேயிருந்து. "இனி நீ நடந்தா, ஓடியாடி உழைச்சா, கொஞ்சம் கொஞ்சமா கரைவேன். அதுவும் உனக்குள்ளேயேதான். இன்னொருத்தருக்குக் கொடுக்க வழி இல்லை."

சிலம்பாயி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். அவளுக்குக் கோபம் வரவில்லை. அதுதான் அவனைப் பின்னால் வெகுகாலம் வாட்டியது.

"எனக்காகத்தான் வச்சிருந்தீங்களா?" என்று கேட்டாள்.

அவன் தலையாட்டினான்.

"சொல்லியிருக்கலாமேங்க."

அவள் உயிர் போன பிறகுதான் மழை வந்தது. பிள்ளை அந்தப் பன்றியிடம் பால் குடித்து வளர்ந்தது. விளைச்சலும் வந்தது. கொம்பையா தின்றதெல்லாம், பழகிய பாதையில் போகிற மாடுபோல வயிற்றுக்கே போய்ச் சேர்ந்தது. ஈரலின் மேல் சாய்ந்தது, நெஞ்சை நெருக்கியது. குனிந்தால் மூச்சு வாங்கியது. விடிந்ததும் எழுந்து கரட்டைச் சுற்றி நடப்பான். வயிறு சற்று வற்றும். வற்றியது யாருக்கும் போய்ச் சேரவில்லை என்பது அவனுக்குத் தெரியும். ஆனாலும் நடந்தான்.

பெண்ணின் கொழுப்பு இன்றும் இடுப்பிலும் தொடையிலுமே தங்கி, பிள்ளை பிறந்தால் பாலாக இறங்குகிறது. ஆணின் கொழுப்போ அன்று முதல் வயிற்றுக்குள் பதுங்கி அவனையே நெருக்குகிறது. அன்று முதல்தான் வயிறு பெருத்தவர்கள் விடிகாலையில் எழுந்து, யாருக்கும் கொடுக்க முடியாத ஒன்றைக் கரைக்கத் தனியாக நடக்கிறார்கள்.