கரிச்சானின் கிழிந்த வால்

அந்தக் காலத்தில், பறவைகள் வாய்விட்டுப் பேசிக்கொண்டிருந்தபோது, கரிச்சான் குருவியின் வால் இரண்டாகப் பிரிந்திருக்கவில்லை. ஒரே வால்தான். நீளமாக, மினுமினுவென்று கறுப்பாக இருந்தது. அதில் கரிச்சானுக்குக் கர்வம் அதிகம். முள்ளில் பட்டுவிடுமே என்று உடைமரத்தின் உச்சிக்கிளையை விட்டு இறங்கவே இறங்காது.

அதே மரத்தின் கீழ்க்கிளைக்கு ஒரு மணிப்புறா குடிவந்தது. மணிப்புறா கூடு கட்டி நீங்கள் பார்த்திருக்கிறீர்களா? நாலு குச்சியைக் குறுக்கும் நெடுக்குமாகப் போட்டுவிட்டு, வேலை முடிந்தது என்று உட்கார்ந்துவிடும்.

"என்ன தங்கச்சி, இதுக்குப் பேரு வீடா? உள்ள உக்காந்தா தரை தெரியுமே!" என்று மேலிருந்து கேலி செய்தது கரிச்சான்.

"எனக்கு இவ்வளவுதாண்ணே வரும்" என்றது புறா.

அந்த மரத்தில் ஒரு வழக்கம் இருந்தது. வல்லூறு வந்தால் யாரும் மூச்சுக் காட்டக் கூடாது. குஞ்சைப் பறிகொடுத்தவர்கள் அழலாம், ஆனால் வல்லூறு போன பிறகுதான். மைனாக்களும் காக்கைகளும் இதற்குப் பழகிப்போயிருந்தன. அதுதான் ஒழுங்கு என்றும் சொல்லிக்கொண்டன. இந்த இடம் வரும்போதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

ஒருநாள் உச்சிவெயிலில் வல்லூறு வந்து நேராகக் கீழ்க்கிளையில் இறங்கியது. கூட்டில் இருந்தது இறகு முளைக்காத ஒரே குஞ்சு. புறா ஓடவில்லை. சிறகை விரித்துக் குஞ்சை மூடிக்கொண்டது. வழக்கப்படி வாய் திறக்கவில்லை. தலையை மட்டும் தூக்கி, உச்சிக்கிளையைப் பார்த்தது.

"டேய்! எடுறா கால!"

மரம் முழுக்கத் திடுக்கிட்டது. கத்தியது கரிச்சான். கத்தியதோடு நிற்காமல் முள்ளுக்குள் பாய்ந்து, தன்னைவிடப் பல மடங்கு கனத்த வல்லூற்றின் முதுகில் ஏறிக் கொத்தியது. வல்லூறு சட்டென்று திரும்பி வாலைக் காலால் பிடித்துக்கொண்டது.

"பேசாமப் போயிடு. வாலை விட்டுடறேன்" என்றது வல்லூறு.

கரிச்சான் ஒரு கணம் கீழே பார்த்தது. பிறகு இருக்கிற பலத்தையெல்லாம் கூட்டி வாலை இழுத்துக்கொண்டு திரும்பி, வல்லூற்றின் முகத்தில் கொத்தியது. வால் நடுவில் இரண்டாகக் கிழிந்தது. வல்லூறு அலறிக்கொண்டு பறந்துபோனது.

"என்னால உன் வாலு போச்சேண்ணே" என்று புறா அழுதது.

கரிச்சான் மரத்தை ஒரு சுற்றுச் சுற்றி வந்தது. "அழாத தங்கச்சி. இப்பத்தான் வளைஞ்சு திரும்ப வசதியா இருக்கு" என்றது.

அது மெய்யா, புறாவுக்காகச் சொன்னதா என்று எனக்குத் தெரியாது. ஆனால் இந்தக் கதையில் சாமி யாரும் வந்து வாலை ஒட்டவைப்பதில்லை. கிழிந்தது கிழிந்ததுதான். அதனாலேயே இந்தக் கதை எனக்கு அவ்வளவு பிடிக்கும். எங்கள் வீட்டுப் பின்புறம் மின்கம்பியில் ஒரு கரிச்சான் உட்காரும். போன வாரம் அது ஒரு பருந்தைக் கண்மாய்க்கு அப்பால் வரை விரட்டியது. துவைத்துக்கொண்டிருந்த துணியைப் போட்டுவிட்டு நான் எழுந்து நின்று பார்த்தேன். உட்காரத் தோன்றவில்லை.

வல்லூற்றை விரட்டிய அன்று முதல்தான் கரிச்சானின் வால் இரண்டாகப் பிரிந்திருக்கிறது. அன்று முதல்தான் மணிப்புறாவும் கரிச்சான் இருக்கிற மரமாகப் பார்த்துக் கூடு கட்டுகிறது, அதே நாலு குச்சியை வைத்து, நிம்மதியாக.