வடிவு வெளியே வந்த வழி

ஆயிரத்து எண்ணூற்றுத் தொண்ணூறுகளில் பாளையங்கோட்டையில் அணஞ்சபெருமாள் என்று ஒருவர் இருந்தார். தபால் ஆபீசில் வேலை. மனசு முழுக்கக் கதையில். ஐம்பதை நெருங்கும் வயதில் அவருக்கு ஒரு குரு வாய்த்தார். பெண்கள் பள்ளியில் கணக்குச் சொல்லிக்கொடுக்கும் அன்னப்பாக்கியம். குருவுக்கு முப்பது வயதுகூட ஆகவில்லை.

அந்தக் காலத்தில் சீமைக் கதைக்காரர்களுக்கு நாலாம் பரிமாணம் என்று ஒரு மோகம் பிடித்திருந்தது. நீளம், அகலம், உயரம் போக, நம் கண்ணுக்குப் படாத இன்னொரு திசை. அவர்கள் கதைகளில் பேய்கூட அந்த வழியாகத்தான் வந்து போயிற்று. கப்பலில் வந்த புத்தகங்களைப் படித்துவிட்டு, அதன் கணக்கைக் குருவிடம் கேட்டுத் தெரிந்துகொண்டு அணஞ்சபெருமாளும் ஒரு கதை எழுதினார். மாமனார் பூட்டிவைத்த அறையிலிருந்து வடிவு என்கிற பெண், பூட்டைத் தொடாமல், சுவரை இடிக்காமல் அந்த நாலாம் திசை வழியாக வெளியே வந்துவிடுகிறாள்.

அதை அச்சுப் போடலாமா என்று முடிவுசெய்ய ஊர் வாசகர் சபை கூடியது. தலைவர் வக்கீல் பிறவிப்பெருமாள் பிள்ளை கதையை மேசைமேல் போட்டார்.

“என்ன ஓய், அந்தத் திசை எங்கே இருக்கு? மேலேயா, கீழேயா? கையை நீட்டிக் காட்டும், அச்சடிக்கிறோம். முடியாதுன்னா வடிவை மறுபடி உள்ளே போட்டுப் பூட்டும்.”

சபை சிரித்தது.

உள்ளுக்குள் அணஞ்சபெருமாளுக்கே அந்தச் சந்தேகம் உண்டு. பக்கத்தில் இருந்த குருவிடம் குனிந்தார்.

“அம்மா, எங்கேன்னு காட்ட?”

அன்னப்பாக்கியம் தையல் பையிலிருந்து கத்தரியை எடுத்தார். ஒரு தாளை மடித்து வெட்டினார். இரண்டு காகிதக் கைகள் வந்தன. ஒன்றை இடக்கையாகவும் மற்றதை வலக்கையாகவும் வக்கீல் முன்னால் பரப்பி வைத்தார்.

“ஐயா, இந்த இடக்கையை வலக்கை ஆக்குங்கள். நகர்த்தலாம், சுற்றலாம். மேசையைவிட்டு மட்டும் எடுக்கக் கூடாது.”

வக்கீல் நகர்த்தினார். சுற்றினார். கட்டைவிரல் ஒவ்வொரு தடவையும் தப்பான பக்கத்திலேயே நின்றது. அவருக்கு வியர்த்துவிட்டது.

“இப்படியெல்லாம் முடியாது அம்மா. தூக்கிப் புரட்டணும்.”

அணஞ்சபெருமாளுக்கு அப்போதுதான் விளங்கியது. நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தார்.

“தூக்கணுமா? அந்தக் காகிதக் கைக்கு மேசைதான் உலகம். தூக்குறதுன்னா எந்தத் திசைன்னு அது கேக்குது. காட்டும்!”

வக்கீல் குனிந்து காகிதக் கையையே பார்த்தார்.

அணஞ்சபெருமாள் பென்சிலை எடுத்துக் காகித இடக்கையைச் சுற்றி ஒரு வட்டம் போட்டார். “இதுதான் அதுக்கு அறை. சுத்திலும் சுவர்.” கோட்டைத் தொடாமல் கையைத் தூக்கினார், புரட்டினார், வட்டத்துக்கு வெளியே வைத்தார். அது வலக்கையாகக் கிடந்தது.

பிறகு தம் சொந்த இடக்கையை நீட்டினார். குரல் கணீரென்று வந்தது.

“இதை எப்படித் திருப்பினாலும் வலக்கை ஆகாது. ஆகணும்னா இதைப் புரட்டவும் ஒரு திசை வேணும். வடிவு போனது அந்த வழி!”

பின்வரிசையில் ஒருவர் கைதட்டினார். சபையே எழுந்து நின்று தட்டியது.

வக்கீலுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. “அடுத்த மாசமே அச்சுக்குப் போகட்டும். வடிவு வெளியிலேயே இருக்கட்டும் ஓய்.”

இருவரும் திரும்பி வரும்போது வெயில் இன்னும் சாயவில்லை. அணஞ்சபெருமாளுக்குக் கால் தரையில் பாவவில்லை. எதிரே வந்தவர்களுக்கெல்லாம் கும்பிடு போட்டார். பள்ளிக்கூட வாசலில் சட்டென்று நின்றார்.

“அம்மா, நமக்குள்ளே கேக்கிறேன். நெசமாவே அந்தத் திசை இருக்கா?”

“எனக்குத் தெரியாது ஐயா. கணக்கு என்னைச் சுவர் வரைக்கும்தான் கூட்டிக்கொண்டு போயிருக்கிறது. வெளியே போனவள் வடிவுதானே. அவளைக் கேட்டு எழுதுங்கள்.”