பத்து லட்சமாவது வாசகர்

இந்தக் கதையில் ஒரு சிரிப்பு இருக்கிறது. நல்ல சிரிப்பு, வயிறு வலிக்கும். ஆனால் இப்போது தர மாட்டேன். முதலில் குருவைப் பாருங்கள், பிறகு சீடரைப் பாருங்கள். சிரிப்பு எங்கேயும் ஓடிவிடாது.

குருவின் பெயர் மெஹருன்னிசா. தெற்கே ஒரு பல்கலைக்கழகத்தில் தலைமை நூலகர். இந்த மாதக் கடைசியில் ஓய்வு. அதிகம் பேச மாட்டார். வாசிப்பு அறையில் யாராவது சத்தமாகப் பேசினால் அதட்ட மாட்டார். பக்கத்தில் வந்து நின்று அவரும் அந்தப் பேச்சைக் கேட்பார். நாங்களாகவே நிறுத்திவிடுவோம்.

சீடர் சங்கரநயினார். துணை நூலகர், நாற்பத்து மூன்று வயது. நூலகவியல் படித்தது மேடத்திடம், வேலை பழகியதும் மேடத்திடம். இப்போது மின்நூலகம் முழுக்க அவர் பொறுப்பு. பேச ஆரம்பித்தால் இப்படித்தான்: "கைஸ், இது வெறும் லைப்ரரி இல்ல. இது ஒரு எக்ஸ்பீரியன்ஸ்!" விடுதியில் நாலு பேர் இந்தக் குரலை அப்படியே செய்து காட்டுவோம். போட்டி வைத்தால் அசல் ஆள் ஐந்தாவதாகத்தான் வருவார்.

ஆனால் நல்ல மனிதர். பூச்சி அரித்துக்கொண்டிருந்த பழைய ஆய்வேடுகளை ஒவ்வொரு பக்கமாக ஸ்கேன் செய்து ஏற்றியவர் அவர்தான்.

இரண்டு வருடத்துக்கு முன்னால் நூலக வாசலில் ஒரு பெரிய மின்பலகை மாட்டினார். 'நம் மின்நூலகத்துக்கு இதுவரை வந்தவர்கள்' என்று மேலே எழுதியிருக்கும். கீழே சிவப்பில் ஓர் எண். அது ஏறிக்கொண்டே இருக்கும். காலையில் வந்ததும், தோளில் பை தொங்கத் தொங்க, கிரிக்கெட் ஸ்கோர் பார்ப்பதுபோல அதன்முன் நிற்பார்.

அந்தப் புதன்கிழமை எண் 9,88,412.

திங்கட்கிழமை தலைமை நூலகர் பதவிக்கு நேர்காணல். ஏழு பேர் போட்டி, அதில் இரண்டு பேர் சென்னை. நயினார் சாரின் முதல் ஸ்லைடே 'பத்து லட்சம் வாசகர்கள்!' என்பதுதான். மீதி இருபத்து மூன்று ஸ்லைடும் அந்த ஓர் எண்ணின் மேல்தான் உட்கார்ந்திருந்தன. அது சரிந்தால் எல்லாம் சரிந்துவிடும், பதவியும்தான்.

அவர் மேடத்தின் அறைக்குப் போனார்.

"மேடம், ஒரு கேள்வி."

"கேளுங்க நயினார்."

"நேர்காணல்ல கண்டிப்பா கேப்பாங்க. எல்லாமே ஸ்கிரீனுக்கு வந்தாச்சு. இனிமே தலைமை நூலகருக்குன்னு என்னதான் வேலை?"

மேடம் ஒரு கடலைமிட்டாயை உடைத்துப் பாதியை அவரிடம் நீட்டினார்.

"பலகையில இப்ப எவ்வளவு?"

"ஒன்பது லட்சத்து எண்பத்தெட்டாயிரத்து நானூத்திப் பன்னிரண்டு."

"பத்து லட்சம் என்னைக்கு ஆகும்?"

"வெள்ளிக்கிழமை மத்தியானம் தாண்டிரும் மேடம்."

"அந்தப் பத்து லட்சமாவது ஆள் யாரு?"

"யாருன்னா... அது ஒரு விசிட்டர்."

"கண்டுபிடிங்க. கூப்பிட்டுப் பொன்னாடை போடுவோம். நீங்களே உங்க கையால போடுங்க."

நயினார் சார் எழுந்தே விட்டார். "மேடம்! அதை ஃபோட்டோ எடுத்து ரெண்டாவது ஸ்லைடுல வெச்சிருவேன்!"

"வைங்க."

கதவு வரை போனவர் திரும்பினார். "என் கேள்விக்குப் பதில் சொல்லலையே மேடம்?"

"பொன்னாடை என்ன கலர் எடுக்கப் போறீங்க?"

இந்த இடத்தில் உங்களுக்கு ஒரு ரகசியம் சொல்ல வேண்டும். பல்கலைக்கழகம் முழுக்கத் தெரிந்த ரகசியம். ஒரே ஒருவருக்குத்தான் தெரியாது.

எங்கள் வளாகத்தில் யார் வைஃபை போட்டாலும், பெயரும் கடவுச்சொல்லும் கொடுத்த உடனே மின்நூலகத்தின் பக்கம் தானாக வந்து நிற்கும். அதை மூடினால்தான் வேண்டியதைப் பார்க்கலாம். மூன்று வருடத்துக்கு முன் ஏதோ ஒரு கூட்டத்தில் "மாணவர்கள் கண்ணில் நூலகம் படட்டும்" என்று யாரோ சொல்ல, கணினி மையம் செய்துவைத்த ஏற்பாடு. நன்றாகவே படுகிறது. படும்போதெல்லாம் பலகையில் ஒன்று ஏறுகிறது. கரண்ட் போய் வந்தால் ஒரே நிமிடத்தில் எண்ணூறு பேர் ஏறுவோம். என் பங்கு மட்டும் ஆயிரத்தைத் தாண்டும். அதில் படித்தது எத்தனை என்று கேட்காதீர்கள்.

நயினார் சாருக்கு எப்படித் தெரியாமல் போனது? அவர் மேஜைக் கணினிக்கு வயர் வழியாக இணைப்பு. கைபேசியில் சொந்த டேட்டா, தினம் இரண்டு ஜிபி. வைஃபை பக்கம் போகிற தேவையே வரவில்லை.

நாங்கள் சொல்லியிருக்கலாமே என்றால், இதுவரை அவர் சந்தோஷத்தைக் கெடுக்க மனம் வரவில்லை, இனி சொல்லவும் வழியில்லை. புதன்கிழமை சாயங்காலம் மேடம் வாசிப்பு அறைக்கு வந்து, வழக்கம்போல் மெதுவாகச் சொன்னார்: "வெள்ளிக்கிழமை வரைக்கும் யாரும் அவர்கிட்ட வாயைத் திறக்கக் கூடாது. திறந்தா அந்தப் பொன்னாடையை உங்களுக்குப் போட்டு மேடையில பேசச் சொல்லிருவேன்."

யார் திறப்பார்கள்?

வியாழக்கிழமை பலகையின்முன் நயினார் சார் நின்றபோது மேடமும் பக்கத்தில் போய் நின்றார்.

"நேத்து யாரெல்லாம் வந்தாங்க நயினார்?"

"அஞ்சாயிரத்துச் சொச்சம் மேடம்."

"பேர் கேட்டேன்."

"பேரா? அது பிரைவசி மேடம்."

மேடம் தலையாட்டிவிட்டு உள்ளே போனார்.

வெள்ளிக்கிழமை ஒன்றரை மணிக்குப் பலகையில் ஏழு இலக்கம் வந்தது. நயினார் சார் எல்லோருக்கும் லட்டு கொடுத்தார். கணினி மையத்திலிருந்து ஜெபராஜ் பிடரியைச் சொறிந்துகொண்டே வந்தார்.

"சார், லாகின் வெச்சு ஆளைப் புடிச்சாச்சு. ஆனா சார், ஒரு விஷயம் இருக்கு..."

"பேரை மட்டும் சொல்லுங்க ஜெபராஜ்" என்றார் மேடம்.

"செலின் அக்கா, மேடம். பேட்டரி வண்டி ஓட்டுதாவல்லா, அவிய."

நயினார் சார் இரண்டாவது லட்டை வாயருகே நிறுத்தினார்.

"டிரைவரா? மேடம்! நம்ம கேம்பஸ் வண்டி ஓட்டுற ஒரு அம்மா மின்நூலகம் படிக்கிறாங்க! இம்பேக்ட்னா இதுதான் மேடம் இம்பேக்ட்!"

ஜெபராஜ் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். தோள் மட்டும் குலுங்கியது.

நீங்கள் இப்போதே சிரிக்காதீர்கள். இன்னும் நேரம் இருக்கிறது.

நாலு மணிக்கு வாசிப்பு அறையில் நாங்கள் அறுபது பேர். செலின் அக்கா வண்டியை வாசலில் நிறுத்திவிட்டு, சாவியைக் கையில் இறுக்கிப் பிடித்தபடி வந்தார். முகத்தில் கலவரம்.

"சார், நான் இருவது கிலோமீட்டருக்கு மேல வண்டிய வெரட்டுனதே இல்ல. ஹாஸ்டல் பிள்ளைய ஏதாவது சொன்னா நம்பாதீங்க."

"கம்ப்ளெயின்ட் இல்லம்மா, இது கௌரவம்!"

காக்கிச் சட்டைக்கு மேலே மயில்நிறப் பொன்னாடை ஏறியது. நாங்கள் கை தட்டினோம். நயினார் சார் மைக்கை எடுத்தார்.

"செலின் அம்மா, செல்லுல நம்ம லைப்ரரி பக்கம் அடிக்கடி பார்ப்பீங்களோ?"

"செல்லுலயா? அது டெய்லி வரும் சார். ஒரு நாளைக்கு பத்துப் பன்னெண்டு மட்டம் வரும்."

"டெய்லி பன்னிரண்டு தடவை! கேட்டீங்களா கைஸ்? அதுல உங்களுக்கு ரொம்பப் பிடிச்சது எதும்மா?"

அக்கா யோசித்தார். பொய் சொல்லிப் பழக்கமில்லாத முகம்.

"மேல மூலையில ஒரு பெருக்கல் குறி உண்டும்லா சார். அதான்."

முன்வரிசையில் ஒருத்தி துப்பட்டாவை எடுத்து வாய்க்குள் அடைத்துக்கொண்டாள்.

"ஈஸி நேவிகேஷன்!" என்றார் நயினார் சார். "அந்த டிசைனுக்கு மட்டும் ஒரு மாசம் உக்காந்தேன்."

"நல்ல பெருசாத்தான் வச்சிருக்கிய சார். வண்டி ஓட்டிக்கிட்டே... இல்ல சார், ஓட்டும்போது அமுக்க மாட்டேன்."

"சரி, நம்ம நூலகத்தைப் பத்தி ரெண்டு வார்த்தை சொல்லுங்க."

அக்கா நிமிர்ந்து கூரையைப் பார்த்தார். வரிசையாக நின்ற அலமாரிகளைப் பார்த்தார்.

"குளுகுளுன்னு நல்லாருக்கு சார். ஆறு வருசமா வாசல்ல பிள்ளையள இறக்கி விடுதேன். இன்னைக்குத்தான் உள்ள வாரேன். எங்களயும் விடுவாவளா?"

"ஏம்மா, யாராவது தடுத்தாங்களா?"

"தடுக்கல சார். வான்னும் யாரும் சொல்லல."

மேடம் மூன்றாம் வரிசையில் உட்கார்ந்திருந்தார்.

நயினார் சார் மைக்கைக் கை மாற்றிக்கொண்டார். "அதுக்குத்தாம்மா டிஜிட்டல். உள்ள வராமலே..."

"சார்," அக்கா இடையில் புகுந்தார், "சட்டை கட்டிங் புக்கு இருக்குமா? லேடீஸ் ஜாக்கெட்டு. வீடியோவுல பாத்தா கரெக்டா கை அளவு சொல்லும்போது விளம்பரம் வந்திருது."

"இருக்கே! அலமாரி நம்பர் அறுநூத்தி நாப்பத்தாறு புள்ளி நாலு!"

மைக்கைக் கீழே வைக்க மறந்து அவர் நடந்தார். அலமாரிப் பக்கம் அவர் போய் இரண்டு வருடம் இருக்கும். கால் மறக்கவில்லை. எங்கள் தலைக்கு மேல் ஸ்பீக்கரில் அவர் குரல் மட்டும் கேட்டது: "ஆகா, இங்கதான் இருக்கு... கை வெட்டு, கழுத்து வெட்டு, எல்லாம் படத்தோட இருக்கும்மா!"

மூன்று புத்தகங்களோடு வந்தார். மூக்கில் தூசி. அக்கா அங்கேயே ஒரு நாற்காலியை இழுத்து உட்கார்ந்து, ஒன்றைத் திறந்து, படத்திலிருந்த அளவைத் தன் கையில் சாண் போட்டுப் பார்த்தார்.

நயினார் சாரும் பக்கத்தில் உட்கார்ந்து கைபேசியை எடுத்தார்.

"இதெல்லாம் நம்ம பக்கத்துலயே தேடலாம்மா. இருங்க காட்டுறேன்... என்ன இது, என் ரூம்ல கிடைக்குமே, இங்க டவரே இல்ல?"

"இதுக்குள்ள டவர் கிடைக்காதுன்னு பிள்ளைய சொல்லும் சார். வைஃபை போடுங்க."

"எனக்கு லாகின் இருக்கா?"

"எல்லாருக்கும் உண்டும் சார். உங்க ஸ்டாஃப் நம்பரு. பாஸ்வேர்டு பொறந்த தேதி."

அவர் தட்டினார். அவருடைய மின்நூலகம் திரையில் குதித்து வந்து நின்றது.

"அட! நான் ஒண்ணும் தேடலையே? தானாவே வருது?"

"அதத்தான சார் சொன்னேன். தானா வரும். பெருக்கல் குறிய அமுக்குங்க, போயிரும்."

கண்ணாடிக் கதவுக்கு அப்பால் மின்பலகை தெரிந்தது. கடைசி வகுப்பு நடக்கிற நேரம், எண் அசையாமல் நின்றிருந்தது. 10,00,643. அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே 644 ஆனது.

வைஃபையை நிறுத்தினார். மறுபடியும் போட்டார். 645.

நிறுத்தினார். போட்டார். 646.

நாங்கள் அறுபது பேரும் கைபேசியைத் தொடாமல், மூச்சையும் விடாமல் இருந்தோம்.

இன்னொரு தடவை. 647.

மெல்ல எங்கள் பக்கம் திரும்பினார்.

"கைஸ்... நீங்களுமா?"

"ஆமா சார்!"

"ஒருத்தர்கூடவா எதையும் தேடினதில்ல?"

"நான் ஒரு தடவை தேடினேன் சார்," பின்னாலிருந்து ஒருவன் எழுந்தான். "ஹால் டிக்கெட்."

நயினார் சாரின் முகம் முதலில் வெளுத்தது. அப்புறம் சிவந்தது. அப்புறம் அடிவயிற்றிலிருந்து ஒரு சத்தம் கிளம்பியது. நான் சொன்ன சிரிப்பு இதுதான். முதலில் சிரித்தவர் அவர். மேஜையைத் தட்டித் தட்டிச் சிரித்தார். "பெருக்கல் குறி! ஒரு மாசம் உக்காந்தேன்யா அதுக்கு!" மைக் இன்னும் அணையாமல் மடியில்தான் கிடந்தது, அதனால் கட்டடமே சிரித்தது. பிறகுதான் நாங்கள் வாயைத் திறந்தோம்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு மேடத்திடம் வந்தார்.

"உங்களுக்கு இது எப்ப தெரியும் மேடம்?"

"பலகை மாட்டின மறுநாளே."

"ரெண்டு வருஷம்! ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?"

"மூணு தடவை சொன்னேன் நயினார். நீங்க பலகையைப் பார்த்துட்டிருந்தீங்க."

அவர் எதிரிலிருந்த நாற்காலியில் உட்கார்ந்தார். சிரிப்பு இன்னும் முழுசாக அடங்கவில்லை. ஆனாலும் நெற்றி வியர்த்திருந்தது.

"திங்கக்கிழமை கமிட்டி என்கிட்ட எத்தனை வாசகர்னு கேட்டா, நான் என்னத்தைச் சொல்ல?"

மேடம் செலின் அக்காவைப் பார்த்தார். அக்கா பொன்னாடையைக் கழற்றி மேஜைமேல் விரித்து, புத்தகத்தைப் பக்கத்தில் வைத்து, எங்கே வெட்டினால் இரண்டு கைக்கும் துணி வரும் என்று விரலால் கோடு போட்டுக்கொண்டிருந்தார்.

"ஒண்ணுன்னு சொல்லுங்க."